"கேம்ப் பசங்க எந்திரிங்க": ஒரு எட்டாம் வகுப்பில் நடந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்மாவட்டம் ஒன்றில், பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம் உள்ள ஓர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2022-23 கல்வியாண்டில் நடந்தது இது. அப்போது நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். அந்தப் பள்ளி என் பொறுப்பில் இருந்ததால் வகுப்புகளைப் பார்வையிட அடிக்கடி போவேன். பள்ளியின் பெயர், ஊர், ஆட்கள் யாரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். மற்றபடி நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இதேபோல முகாமை ஒட்டிய பள்ளிகள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன, அங்கே வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கு இது பயன்படலாம்.

முகாம் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990ல் மறுபடி போர் மூண்டபோது மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர்கள், 2006க்குப் பிறகு வந்தவர்கள் என்று அலை அலையாக வந்து சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக, 2021 கணக்குப்படி சுமார் 58,000 பேர் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில் புதிய வீடுகளும் உதவித்தொகை உயர்வும் அறிவித்தார். இனி 'அகதிகள் முகாம்' என்று சொல்லாமல் 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்க வேண்டும் என்பதும் அதோடு வந்தது. பலகைகள் மாறின. வகுப்பறைப் பேச்சு மாறவில்லை.

இந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் முகாமிலிருந்து வருபவர்கள். எல்லாருமே இங்கேதான் பிறந்தவர்கள், இலங்கையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளோடுதான் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றாகத்தான் கபடி ஆடுவார்கள், வெளியிலிருந்து வருகிற யாருக்கும் யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்த அரைமணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். காரணம், ஆசிரியர்கள் சொல்லிவிடுவார்கள்.

முதலில் கவனித்தவை

வகுப்பு ஆசிரியர் வருகைப்பதிவேட்டில் முகாம் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'கே' என்று குறித்து வைத்திருந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. முகாமில் மாதாமாதம் பணக்கொடை கொடுக்கும் நாளில் 'செக்கிங்' நடக்கும், குடும்பத்தில் எல்லாரும் நேரில் நிற்க வேண்டும், அன்றைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் அல்லது பாதியில் போய்விடுவார்கள். அதற்காக வைத்த குறி அது. ஆனால் ஒரு குறி வந்துவிட்டால் அதற்கேற்ற பேச்சும் வந்துவிடுகிறது. "கேம்ப் பசங்க எந்திரிங்க, நாளைக்கு செக்கிங் இருக்கா?" "கேம்ப் பசங்கள்ல யார் யாருக்கு ஆதார் இல்ல?" இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, எந்தக் கோபமும் இல்லாமல், சாதாரணக் குரலில்.

நான் குறித்து வைத்தவற்றில் திட்டுகிற பேச்சு குறைவு. ஒரு பையனிடம் ஒருவர், "உங்க ஆளுங்க கடைசில பெயிண்ட் அடிக்கத்தானே போறீங்க, எதுக்குடா இவ்வளவு ஆட்டம்" என்றார். முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங் வேலைக்குத்தான் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், அதனால் வகுப்பும் சிரித்தது. இன்னொரு நாள் வருகை எடுக்கும்போது ஒரு மாணவி வாய் தவறி, இலங்கைத் தமிழில் 'ஆமாம்' என்று பொருள்படும் "ஓம்" என்பதைச் சொல்ல, "என்ன, மந்திரம் ஓதுறியா?" என்று தமிழாசிரியை கேட்டார். அவர் அந்தப் பிள்ளை மேல் உண்மையான பாசம் வைத்திருந்தவர், விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த ஒரு வாரம் ஊர்ப் பையன்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக் கைகூப்பி 'ஓம்' என்றார்கள்.

என்னை அதிகம் உறுத்தியது பாராட்டுகள்தான். "கேம்ப் பிள்ளையா இருந்தும் எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாருங்க." இதைச் சொன்னவருக்கு இதில் என்ன தப்பு என்று புரியவே இல்லை. அந்த 'இருந்தும்' என்ற ஒற்றைச் சொல், வகுப்பில் இருந்த மற்ற முகாம் பிள்ளைகள் எல்லாரிடமும் உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இதைவிடக் குறைவு என்று சொல்லிவிடுகிறது. ஒரு பாராட்டைக் கேட்டு ஒரு பிள்ளை தலைகுனிவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இந்த ஆய்வின் மையம் அந்தப் பிள்ளைதான். "ஓம்" என்று சொன்னவளும் அவளே. பாட்டி 1990ல் மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர், அந்தக் குழந்தைதான் இவள் அம்மா. அப்பா 1988ல் இங்கே ஒரு முகாமில் பிறந்தவர். இவள் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், கேள்வி கேட்பாள், 2022 ஆகஸ்ட் 15க்கு மேடையில் பேச இவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஜூலையில் நடந்த பாடம்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் குடிமையியல் பகுதியில் 'குடிமக்களும் குடியுரிமையும்' என்று ஒரு பாடம் உண்டு. 1955 குடியுரிமைச் சட்டப்படி பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்பு, பிரதேச இணைப்பு என ஐந்து வழிகளில் குடியுரிமை கிடைக்கும் என்பது அதில் வரும். ஆசிரியர் பிறப்பால் குடியுரிமை என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பையன் ஒருவன் அந்தப் பிள்ளையைக் காட்டி, "சார், அப்ப இவளும் இங்கதானே பிறந்தா, இவளும் இந்தியன்தானே?" என்று கேட்டான். அவன் கேட்டதில் எந்தக் குசும்பும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான் என்றுதான் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆசிரியர் சொன்ன பதில்: "இல்லப்பா, அவங்க அகதி. அவங்களுக்கு இது பொருந்தாது." சொல்லிவிட்டு அடுத்த வழிக்குப் போய்விட்டார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இங்கே பிறந்தவர்களுக்குத்தான் பிறந்த ஒரே காரணத்தால் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும், 2004 டிசம்பர் 3க்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுகிவிட்டது. இவளுக்கு இல்லை, இவள் அப்பாவுக்கும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றுவரை இது தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை, சொல்ல மனம் வரவில்லை என்று பாட்டி பிறகு சொன்னார். அவள் அதைத் தெரிந்துகொண்டது வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவன் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில், 'அவங்க' என்ற படர்க்கையில். அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மூன்று வாரங்கள்

ஒரேயடியாக எதுவும் உடையவில்லை, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. முதலில் சமூக அறிவியல் வகுப்பில் கை தூக்குவது நின்றது. அப்புறம் தமிழ் வகுப்பிலும். ஆகஸ்ட் முதல் வாரம் சுதந்திர தினப் பேச்சு ஒத்திகைக்குத் தொண்டை சரியில்லை என்று வரவில்லை, பிறகு பெயரையே எடுத்துவிடச் சொன்னாள். அந்த ஆண்டு 75ஆம் ஆண்டு நிறைவு, ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் கொடி ஏற்றச் சொல்லியிருந்தார்கள், பள்ளியிலும் அதே பேச்சாக இருந்தது. 'என் நாடு' என்ற தலைப்பில் எழுதச் சொன்ன கட்டுரையில் அவள் தலைப்பை மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டு, மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்திருந்தாள். தமிழாசிரியை அதில் சிவப்பு மையில் 'முழுமையாக எழுதவும்' என்று குறித்திருந்தார்.

அந்த நோட்டு கையில் கிடைத்த நாளில்தான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அவளிடம் நேரடியாகக் கேட்கவில்லை. முகாமில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திய தன்னார்வலர், அவரும் முகாமைச் சேர்ந்த பெண்தான், அவரிடம் கேட்டேன். "நான் எழுதினா அது பொய்யாகிடும்ல அக்கா" என்று அவரிடம் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

தலைமை ஆசிரியை, வகுப்பு ஆசிரியர், தமிழாசிரியை, சமூக அறிவியல் ஆசிரியர், நான் என்று ஐந்து பேர் மாலையில் உட்கார்ந்து பேசினோம். எளிதான பேச்சாக இல்லை. சமூக அறிவியல் ஆசிரியர் மிகவும் புண்பட்டிருந்தார். "மேடம், நான் இல்லாததையா சொல்லிட்டேன்? சட்டம் அப்படித்தானே இருக்கு? பொய் சொல்லிக் கொடுக்கச் சொல்றீங்களா?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட்டிருந்தால் அந்தக் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். தலைமை ஆசிரியைதான் நிதானமாகச் சொன்னார்: "பொய் வேண்டாம் சார். அந்தப் பிள்ளைக்கு அந்த விஷயத்தை யார், எங்க வச்சு, எப்படிச் சொல்லணும்கிறதுதான் இப்ப பேச்சு."

முகாம் பிள்ளைகளை மட்டும் அழைத்து ஒரு ஆலோசனைக் கூட்டம் நடத்தலாம் என்று ஒருவர் சொன்னார். இலங்கை உணவு, பாட்டு என்று ஒரு நாள் விழா வைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் நல்லெண்ணத்தில் வந்தவை, இரண்டையும் நான் எதிர்த்தேன். இரண்டிலும் மறுபடி அதே பிள்ளைகள்தான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். உத்தரப்பிரதேச கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய சோதனையை அன்றைக்குச் சொன்னேன். ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்வழிகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி தெரிவிக்கப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். சோதனைக்கு முன் எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது அவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை, வெறுமனே வாசித்தார்கள். நம் வகுப்பறையில் வாரத்துக்கு இரண்டு முறை நடப்பதும் அதே வாசிப்புதான் என்றேன். வகுப்பு ஆசிரியர் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டது இவைதான். வகுப்பறைக்குள் 'கேம்ப்' என்பதை ஆளைக் குறிக்கும் சொல்லாகப் பயன்படுத்துவதில்லை, பதிவேட்டில் உள்ள குறியை அழித்துவிடுவது. முகாம் தொடர்பான சான்றிதழ், உதவித்தொகை வேலைகளை இடைவேளையில் அலுவலகத்தில் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவது. செக்கிங்கை மாலை நாலரைக்கு மேல் வைக்க முடியுமா என்று முகாமின் தனி வருவாய் ஆய்வாளரிடம் தலைமை ஆசிரியை கேட்பது. இது கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளை வகுப்பில் தனியாகக் காட்டிக்கொண்டிருந்ததே அந்த மாதாந்திர விடுப்புதான்.

தமிழாசிரியையோடு தனியாகப் பேசினேன். "கெதியாக ஓடினான்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்ததை அவர் பிழை என்று வட்டமிட்டிருந்தார். தேர்வில் திருத்துபவர் மதிப்பெண் குறைத்துவிடுவாரே என்பது அவர் கவலை. சரி, அப்படியானால் "தேர்வில் 'விரைவாக' என்று எழுது" என்று ஓரத்தில் எழுதுங்கள், 'பிழை' என்று போடாதீர்கள், அவள் பாட்டி பேசும் தமிழ் பிழை என்று அவளிடம் சொல்லாதீர்கள் என்றேன். நம் ஊரிலும் கோவைப் பிள்ளையும் நெல்லைப் பிள்ளையும் வீட்டில் பேசுவதைத் தேர்வில் எழுதுவதில்லை, அவர்களை நாம் தமிழ் தெரியாதவர்கள் என்று சொல்கிறோமா? அவர் உடனே ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவது என்ற முடிவுக்குத்தான் நீண்ட நேரம் ஆனது. நடந்ததை அப்படியே விட்டுவிடலாம், கிளறினால் இன்னும் வலிக்கும் என்பது ஒரு கருத்து. எனக்கு அது சரியாகப் படவில்லை. வகுப்பில் உள்ள நாற்பது பிள்ளைகளின் மனத்திலும் 'அவங்க அகதி, பொருந்தாது' என்பதுதான் அந்தப் பாடமாகப் பதிந்திருந்தது. ஆனால் முதலில் வீட்டில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து தலைமை ஆசிரியையும் நானும் முகாமுக்குப் போனோம். பாட்டிதான் பேசினார். "எங்கட பிள்ளைக்கு என்ன சொல்லப் போறியள் எண்டு முதல்ல எங்களுக்குச் சொல்லுங்கோ ரீச்சர். நாங்கள் அவளுக்குச் சொல்லுறம். பிறகு நீங்கள் வகுப்பில சொல்லுங்கோ." அந்த வரிசையைத்தான் பின்பற்றினோம்.

செப்டம்பரில் அதே ஆசிரியர் மறுபடி அந்தப் பாடத்தை எடுத்தார். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்று பேச்சு வந்தபோது நானே எடுக்கிறேன் என்று அவர்தான் சொன்னார், அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. இந்தமுறை யாரையும் சுட்டவில்லை. தேதிகளைக் கரும்பலகையில் எழுதினார். 1987 வரை சட்டம் எப்படி இருந்தது, எப்போது, எதற்காக மாற்றினார்கள், பிறகு எப்படி மாறியது, நாடாளுமன்றம் நினைத்தால் இன்னும் மாறலாம் என்று சட்டத்தை மனிதர்கள் எழுதும் ஒன்றாகக் காட்டினார். அதற்கு முந்தைய மாதம்தான், 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. அந்தச் செய்தியையும் வாசித்தார். குடியுரிமை என்பது அரசு தரும் ஒரு சட்ட நிலை, இந்த வகுப்பில் இருப்பதற்கும் இந்த ஊரில் வளர்வதற்கும் படிப்பதற்கும் அது நிபந்தனை இல்லை, கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்றுதான் சொல்கிறது என்றும் சொன்னார். பொய் ஒரு வரிகூட இல்லை.

பின்னர் நடந்தவை

அந்த வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள்தான் சரமாரியாகக் கேட்டார்கள்: ஏன் ஜூலை 1, யார் முடிவு பண்ணது, அப்ப ஓட்டு போட முடியாதா. மணி அடித்த பிறகு ஆசிரியரிடம் தனியாகப் போய், "சார், வக்கீலுக்குப் படிக்க அவங்களுக்கு இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். 'அவங்களுக்கு' என்று கேட்டாளே தவிர 'எனக்கு' என்று கேட்கவில்லை. அதை ஆசிரியர் கவனித்து என்னிடம் சொன்னதே ஒரு மாற்றம் என்று நினைக்கிறேன், ஜூலையில் அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

தமிழ் வகுப்பில் அவள் பேச்சு அக்டோபர் வாக்கில் திரும்பியது. சமூக அறிவியலில் ஜனவரி வரை ஆனது. குடியரசு தினத்துக்குப் பேசச் சொன்னபோதும் மாட்டேன் என்றுவிட்டாள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்டு இறுதியில் மதிப்பெண்கள் பழைய நிலைக்கு வந்திருந்தன. ஆனால் ஜூலைக்கு முன்பிருந்த அந்த வாய் ஓயாத பிள்ளை முழுதாகத் திரும்பினாள் என்று என்னால் எழுத முடியாது.

ஆசிரியர்கள் வாய் தவறினார்கள், முதல் மாதம் அடிக்கடி. பாதியில் நிறுத்திப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விளையாட்டுத் திடலில் 'அகதி' என்ற வசை நிற்கவில்லை, ஆனால் ஓர் ஊர்ப் பையன் அப்படிச் சொன்னபோது இன்னொரு ஊர்ப் பையனே சண்டைக்குப் போனான். செக்கிங் நேரத்தைச் சில மாதங்கள் மாலைக்கு மாற்றினார்கள், அதிகாரி மாறியதும் பழையபடி காலைக்கே போய்விட்டது.

பெயிண்ட் வேலை பற்றிச் சொல்லப்பட்ட அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. அவன் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்துவிட்டார், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் அவன் போனான் என்று சொல்வது நேர்மை ஆகாது. ஆனால் நாங்கள் தேடிப்போய்ப் பேசியபோது அவன் சொன்ன பதில், "எப்படியும் இதுக்குத்தானே மிஸ் போகப் போறேன், ரெண்டு வருசம் முன்னாடி போறேன்." எட்டாம் வகுப்பில் அவன் காதில் விழுந்த வாக்கியத்தை அவன் தன் சொந்த முடிவாகவே திருப்பிச் சொன்னான். தன்னார்வலர் பலமுறை முயன்றும் அவன் திரும்பவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

இதைப் பிள்ளை ஒடுங்கிய பிறகு தொடங்கியிருக்கக் கூடாது. ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலேயே ஆசிரியர்கள் உட்கார்ந்து, தங்கள் வகுப்பில் எந்தெந்தப் பிள்ளைகளுக்கு என்னென்ன பொதுப்பெயர்கள் புழங்குகின்றன என்று பேசிவிடலாம். முகாம் இல்லாத ஊரில் அது தெருப் பெயராக இருக்கும், சாதியாக இருக்கும், ஹாஸ்டலாக இருக்கும், "வடக்கன் பிள்ளைங்க" என்று இருக்கும். சாதி விஷயத்தில் இதை, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: மாணவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரங்களைத் தலைமை ஆசிரியர் தனியாக அழைத்துத் தெரிவிக்க வேண்டும். முகாம் பிள்ளைகளுக்கும் இதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குடியுரிமைப் பாடத்துக்கு முகாம் அருகிலுள்ள பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டம்) முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அந்தக் கேள்வி ஏதாவது ஒரு ஆண்டு ஏதாவது ஒரு பையனிடமிருந்து நிச்சயம் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முகாமிலிருந்து ஒரு தாயாவது இருந்திருந்தால் நாங்கள் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள், என்ன சொல்லவில்லை என்று முன்பே தெரிந்துகொண்டிருப்போம்.

பாராட்டும்போது எழுதப்பட்டதை மட்டும் பாராட்டுங்கள். எழுதியவர் எங்கிருந்து வருகிறார் என்பதை அதில் சேர்க்க வேண்டாம். நான் பயிற்சிகளில் இதைச் சொல்லும்போது பெரும்பாலான ஆசிரியர்கள் திகைக்கிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் அன்பாகச் செய்வது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் தயாரிக்கும்போது நாட்டினம், இனம், மதம் என்று வரிசையாகக் கேட்டு நிரப்ப வேண்டும், பல பள்ளிகளில் அதை வகுப்பிலேயே சத்தமாக வாசித்துச் சரிபார்க்கிறார்கள். இந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தபோது தலைமை ஆசிரியை அந்த வேலையை அலுவலகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு மாணவரையும் பெற்றோரோடு தனித்தனியாக அழைத்துச் சரிபார்த்தார், முகாம் பிள்ளைகளை மட்டுமல்ல, எல்லாரையும். அதற்குக் கூடுதலாக இரண்டு மாலைகள் பிடித்தன. அவர் அடுத்த ஆண்டு இடமாற்றத்தில் போய்விட்டார், புதிதாக வந்தவரிடம் இந்த நடைமுறையை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.